டி-ஷர்ட் போட்ட வைன் பாட்டில்

ஏம்ப்பா புது மெர்ச்சண்டைசருங்களா, பையர் ஒருத்தங்க ஒரு பாட்டில் ரெட் வைனை கூரியர்ல அனுப்பி, "இந்தக் கலர்ல எனக்கு டி-ஷர்ட் வேணும்"னு சொன்னா, முதல்ல என்ன பண்ணுவீங்க?

சாய லேப்புக்கு அனுப்புவோம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க. சரி, இறக்குங்க. மொத்த வாட்ஸ்அப் குரூப்பும் தூக்கியிருப்பீங்கன்னு தெரியும். நாங்களும் அதைத்தான் பண்ணோம். செம பல்பு வாங்குனோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் ரிட்டயர் ஆயிட்டேன். வயசு இருபத்தேழு. சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுக்குங்க. திருப்பூர்ல ஃபேக்டரி மெர்ச்சண்டைசிங்ல, பையருக்கும் மிஷினுக்கும் நடுவுல நின்னு, ஒரு வருசம் குப்பை கொட்டுனா அது வெளிய நாலு வருசத்துக்குச் சமம். அந்தக் கணக்குல எனக்கு பென்ஷனே வரணும். அதனால பெருசு மாதிரி அட்வைஸ் பண்ண எனக்கு ஃபுல் ரைட்ஸ் இருக்கு. "அக்கா மொக்கை போடறா"ன்னு தனி குரூப்ல போட்டாலும் பரவால்ல, அதுலயும் நான் இருக்கேன்.

நெருப்பெரிச்சல் ஏரியாவுல நீங்க இப்ப உக்காந்திருக்கற அதே ஃபேக்டரி. அதே ஆடுற டேபிள். நான் அப்ப ட்ரெய்னி. இன்னும் கன்ஃபர்ம் ஆகலை. எங்கம்மாகிட்ட ஒரு டீல் போட்டுட்டு வந்திருந்தேன்: எக்ஸ்போர்ட் செக்ஷன்ல கன்ஃபர்ம் ஆயிட்டா என்னை விட்டுடணும், ஆகலைன்னா வாயை மூடிட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கணும். முருகன் படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு சத்தியமே வாங்கிட்டாங்க. எங்க ஊட்டுல நாலு தலைமுறையா தறி, இப்ப பனியன், எப்பவும் முருகன். அந்தப் படத்துக்கு முன்னாடி சொன்னா மாத்த முடியாது.

எனக்குக் கிடைச்ச முதல் சொந்த பையர், மார்த்தா. ஸ்பெயின்ல கடலோரமா அஞ்சாறு ரெஸ்டாரண்ட் வச்சிருக்கற அம்மா. அவங்க வெயிட்டர் எல்லாருக்கும் போலோ டி-ஷர்ட். சின்ன ஆர்டர்தான், ஆனா வருசா வருசம் ரிப்பீட் ஆகும். எம்.டி. சார் என்னைக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையா சொன்னார்: "சத்யா, இது நின்னுச்சுன்னா நீங்க எக்ஸ்போர்ட்டுங்க. நிக்கலீன்னா டொமஸ்டிக்ல ஒரு ஆளு கேட்டுட்டு இருக்காங்க, அங்க போய்க்கலாமுங்க." டொமஸ்டிக்னா உள்ளூர் ஜட்டி பனியன். நாள் பூரா எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டுப் பாக்கற வேலை. நம்ம எம்.டி. திட்டுறப்பகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்னு உங்களுக்கே தெரியும். எத்தனை 'ங்க' ஜாஸ்தியோ அத்தனை ஆபத்து.

பாட்டில் வந்த நேரம் பாருங்க. பங்குனி உத்திரம் வருது, சார் மாலை போட்டு பச்சை வேட்டியில இருக்கார். பழனிக்குக் காவடி. ரிசப்ஷன்ல பார்சலைப் பிரிச்சதும் மூணு அடி பின்னால போயிட்டார்.

"ஏனுங்க, காம்பவுண்டுக்குள்ள பாட்டிலுங்களா?"

"சார், இதைப் பாத்துத்தான் கலர் எடுக்கணுமாம், பையர் கலர் ஸ்டாண்டர்டா அனுப்பியிருக்காங்க."

பார்சல் மேல இருந்த பையர் பேரைப் படிச்சார். "பையர் அனுப்புனதுன்னா அது பாட்டில் இல்லீங்க. ஒரிஜினல் சாம்பிளுங்க. ஆனா என் கண்ணுல படாம பாத்துக்குங்க."

ஜெசிந்தா அக்காகிட்ட கொண்டு போனேன். சாம்பிள் ரூம் இன்சார்ஜ், தூத்துக்குடிக்காரங்க, உங்களுக்கும் அவங்கதான் தெய்வம். அவங்க பாட்டிலை மேலயும் கீழயும் பாத்துட்டு, மிச்சம் கிடந்த ரிப் துணியில அதுக்கு ஒரு ஹை-நெக் டி-ஷர்ட் தைச்சுட்டாங்க. கைகூட வச்சாங்க. "கை எதுக்குக்கா?"ன்னு கேட்டா, "கையில்லாம என்ன டி-ஷர்ட்டு? ஏட்டி, உள்பனியனா போடச் சொல்லுத?"ன்னாங்க. கழுத்துல நம்ம வழக்கமான டேக்: ஒரிஜினல் சாம்பிள். வெட்டாதே. துவைக்காதே.

சொதப்பல் அந்த டேக்லதான் ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல ஒரிஜினல் சாம்பிள்னா அது கர்ப்பகிரகத்துச் சிலை மாதிரி. யாரும் கை வைக்க மாட்டாங்க. அதனால அந்த பாட்டிலைத் திறக்கணும்னு ஒரு மனுசனுக்கும் தோணலை. லேப் ஆளுங்க டி-ஷர்ட்டை மரியாதையா மேல தூக்கி, கலர் ஒத்துப் பாக்கற லைட் பாக்ஸ்ல வச்சு, கண்ணாடி வழியாவே கலர் பாத்து, சின்னத் துணித்துண்டுல சாயம் ஏத்தி லேப் டிப் போட்டுக் குடுத்தாங்க. பாட்டில் கண்ணாடி கரும்பச்சை. உள்ள இருக்கறது சிவப்பு. வந்த கலர் கருப்பட்டி.

மார்த்தா பதில் ஒத்தை வரி. நீங்க என் பாட்டிலை மேட்ச் பண்ணியிருக்கீங்க, தயவுசெஞ்சு திறங்க.

எதை வச்சுத் திறக்கறது? கார்க் போட்டிருக்கு. நம்ம ஃபேக்டரியில ஓவர்லாக் மிஷினைப் பத்து நிமிசத்துல பிரிச்சு மாட்டிடுவாங்க, ஒரு கார்க்கைக் கழட்ட ஆளில்ல. கடைசியில ஜெசிந்தா அக்கா மிஷின் ஸ்க்ரூ ஒண்ணை கார்க்ல முறுக்கி, கொறடு போட்டு இழுத்தாங்க. 'டொப்'புன்னு சத்தம் கேட்டு கட்டிங் செக்ஷன்ல இருந்து நாலு பேர் எட்டிப் பாத்தாங்க. "போங்கல, போங்க, இங்க ஒண்ணும் கல்யாணம் நடக்கல"ன்னு விரட்டிட்டு, தண்ணி பாட்டில் மூடியில ஊத்தி ஒரு வாய் வச்சுப் பாத்தாங்க. மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு.

"ஏட்டி, சீனி போட மறந்துட்டானுவ. எங்கூட்டு கிறிஸ்துமஸ் வைன் குடிச்சுப் பாரு, கிராம்பும் பட்டையும் போட்டு, பாகு கணக்கா இருக்கும். இது என்னது, நாக்கைப் புடிச்சு முறுக்குது?"

சரின்னு ஒரு கண்ணாடிக் குவளையில ஊத்தி லேப்புக்குக் குடுத்தோம். மிச்சத்தை மூட கார்க்கும் பிஞ்சு போச்சு, அதனால வாயில பனியன் வேஸ்ட்டை உருட்டி அடைச்சு, சாம்பிள் ரூம் பீரோவுல வச்சாச்சு. அந்த ரூம் கூரை தகரம்னு சொல்லணுமா? பங்குனி வெயில். லேப் ஆளுங்க தினமும் வந்து அதே பாட்டில்ல இருந்து ஊத்திப் பாப்பாங்க, போவாங்க, சாயத்தைக் கூட்டுவாங்க, குறைப்பாங்க. எங்க நினைப்பு என்னன்னா, ஸ்டாண்டர்டுன்னா மாறாது. துணி மாறும், சாயம் மாறும், லைட்டு மாறும், ஸ்டாண்டர்டு மட்டும் மாறாது. ஆனா அது வைன். காத்துப் பட்ட நிமிசத்துல இருந்து மாறிட்டேதான் இருக்கும். கடைசி டிப் ரெடியானப்ப பாட்டில்ல இருந்தது புளி கரைச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு, ஊறுகா ஜாடி மாதிரி நாத்தம். ஆனா மேட்ச் மட்டும் வேற லெவல். புளித்தண்ணிக்கு அவ்வளவு அச்சு அசலா யாரும் டி-ஷர்ட் கலர் எடுத்திருக்க மாட்டாங்க.

மார்த்தா: இது என் வைன் இல்ல, என் வைனோட தாத்தா. அடுத்த வாரம் திருப்பூர் வர்றேன், வேற ரெண்டு ஃபேக்டரியும் பாக்கறேன்.

அந்த "வேற ரெண்டு ஃபேக்டரி"யை எம்.டி. ரெண்டு தடவை படிச்சார். "சத்யா, பரவால்லீங்க. எல்லாம் அனுபவந்தானுங்களே. டொமஸ்டிக்லயும் நல்லவங்கதானுங்க இருக்காங்க." எண்ணிப் பாருங்க, எத்தனை 'ங்க'ன்னு. அன்னைக்கு சாயங்காலம் ஊட்டுக்குப் போனா, டீப்பாய் மேல பேங்க் எக்ஸாம் புக். அம்மா அட்டை போட்டு வச்சிருந்தாங்க.

மார்த்தா வந்த அன்னைக்கு லன்ச் திருமுருகன்பூண்டி பக்கத்துல நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல. காம்பவுண்டுக்குள்ள மறுபடி பாட்டில் வரக்கூடாதுன்னு சார் ஆர்டர். எல்லா பையரையும் கூட்டிட்டுப் போற ஏசி ஹோட்டல் வேண்டாம், நீங்க சாப்பிடறதையே குடுங்கன்னு மார்த்தா கேட்டாங்க, அதனால மெஸ்ஸுல இருந்து பார்சல்: வெள்ளாட்டுக்கறிக் குழம்பு, மிளகு போட்ட ஈரல் வறுவல், பள்ளிபாளையம் சிக்கன், கொள்ளுப்பருப்பு, அரிசிம்பருப்பு சோறு, ரசம், தயிர். பக்கத்து சிற்பப் பட்டறையில பிள்ளையாருக்குத் தும்பிக்கை செதுக்கற சத்தம் டக் டக்குன்னு கேட்டுட்டே இருக்கு. என் நெஞ்சுக்குள்ளயும் அதே டெம்போ.

சார் உள்ள வரலை. பாட்டிலும் கறியும் இருக்கற ரூமுக்குள்ள மாலையோட எப்படி வருவார்? போர்டிகோவுல சேர் போட்டு, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டார். கையில இளநி. முதுகை எங்களுக்குக் காட்டி, காதை மட்டும் எங்க பக்கம் வச்சுட்டு. மடியில ஒரு கவர். அதுக்குள்ள லேப்ல புதுசா போட்ட ஒரு டஜன் டிப். ரோஸ்ல ஆரம்பிச்சு கருப்பு வரைக்கும். "ஏதாவது ஒண்ணு விழுகும்ங்க"ன்னு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை சுத்தமா இல்ல. லாட்டரி சீட்டுக்கடை மாதிரி இருந்துச்சு.

மார்த்தா பையில இருந்து புது பாட்டிலை எடுத்துத் தொட்டுப் பாத்துட்டு, ஒரு பக்கெட் தண்ணி கேட்டாங்க. நான் கூகுள் பண்ணி வச்சிருந்த ஒரே பாயின்ட்டை எடுத்து விட்டேன்: ரெட் வைனை ரூம் டெம்பரேச்சர்லதானே குடிக்கணும்?

"எந்த ரூம்? இது ரூம் இல்ல, அடுப்பு"ன்னு சொல்லி பாட்டிலை பக்கெட்டுக்குள்ள உக்கார வச்சாங்க. சூடா இருந்தா ஸ்பிரிட் வாசம் மட்டும்தான் முன்னால வந்து நிக்கும், பழமெல்லாம் பின்னால ஒளிஞ்சுக்கும்னாங்க.

அப்புறம் கதை சொன்னாங்க. இது அவங்க மாமா தோட்டத்து வைன். ஒரே திராட்சை இல்ல, மூணு ரகம் கலந்தது. கார்னாச்சான்னு ஒண்ணு, அதுதான் ஜாஸ்தி. சாறு நிறைய, மெத்துன்னு இருக்கும், ஆனா கலர் கம்மி, தனியா விட்டா சளசளன்னு பேசிட்டே இருக்கற ஆளு மாதிரி. அடுத்தது சிரா. அதுல மிளகு வாசம், அதுதான் கலரும் குடுக்கும். மூணாவது மொனாஸ்ட்ரெல், கெட்டி, கருப்பு, நாக்கைக் கவ்விப் பிடிக்கும், தனியா குடிச்சா முறைச்சுட்டே இருக்கும். அது கொஞ்சூண்டு.

நான் சொன்னேன்: "எங்ககிட்டயும் இதேதான். காட்டன் மட்டும் போட்டா மெத்துன்னு இருக்கும், நாலு துவைக்கு தொளதொளன்னு ஆயிடும். பாலியஸ்டர் சேத்தா கலர் நிக்கும். லைக்ரா கொஞ்சூண்டு, அதுதான் புடிச்சு நிறுத்தும். ஜாஸ்தி போட்டா மூச்சு முட்டும்." மார்த்தா டேபிளைத் தட்டிச் சிரிச்சாங்க. "இதை மாமாகிட்ட சொன்னா லேபிள்லயே போட்டுடுவார்"னாங்க.

ஊத்துனாங்க. எங்கம்மா இந்த குரூப்ல இல்லைங்கற தைரியத்துல சொல்றேன், நானும் ரெண்டு வாய் குடிச்சேன். வேலைப்பா, வேலை. கூட வந்திருந்த ஜெசிந்தா அக்கா சிலுவை போட்டுட்டுக் குடிச்சாங்க. இந்தத் தடவை மூஞ்சி சுருங்கலை. "அன்னைக்குக் குடிச்சது இதுதானாட்டி? பக்கெட்டுக்குள்ள போனதும் புத்தி வந்துட்டு"ன்னாங்க.

இப்ப நோட் பண்ணிக்குங்க, நாளைக்கு உங்க பையரும் இப்படி ஒரு பாட்டிலோட வந்து நிக்கலாம். பள்ளிபாளையம் சிக்கனோட அதைக் குடுத்துடாதீங்க. வரமிளகாயும் அந்த வைனும் வாய்க்குள்ள ஒண்ணா சேந்தா ரெண்டும் கட்டிப்புடிச்சு உருளும். காரம் டபுள், வைன் கசப்பு. மார்த்தாவுக்குக் கண்ணுல தண்ணி வந்து, தேங்காச்சில்லை மட்டும் பொறுக்கித் தின்னு தப்பிச்சாங்க. ரசம் வேண்டாம், புளிப்புக்கு முன்னால வைன் தண்ணி மாதிரி ஆயிடும். தயிர்சோறு பக்கமே போகாதீங்க. ஆனா மிளகு போட்ட ஈரல் இருக்கே, அது அந்த சிராவோட மிளகைப் பாத்ததும் சொந்தக்காரங்க மாதிரி ஒட்டிக்கிச்சு. கறிக்குழம்புல கொழுப்பு இருக்கற துண்டா எடுத்தா நாக்கைக் கவ்வுறது விட்டுப் போகுது. எல்லாத்தையும் விட கெத்து காட்டுனது கொள்ளுப்பருப்பு. சுடுசோறு, நெய், கொள்ளு, அது மேல ஒரு வாய் வைன். மண்ணு வாசமும் பழ வாசமும் சேந்து, ஐயோ.

மார்த்தா கண்ணை மூடிட்டு எதோ ஸ்பானிஷ்ல சொன்னாங்க, அப்புறம் அதையே எனக்கு இங்கிலீஷ்ல.

ஜன்னல்ல இருந்து குரல்: "ஏனுங்க, என்னங்க சொல்றாங்க?"

"கொள்ளுப்பருப்புக்கு இந்த வைன் சூப்பரா இருக்காம்ங்க சார்."

"கொள்ளுக்கு மோர் ஊத்துனாலும் சூப்பராத்தானுங்க இருக்கும். டிப்பு காட்டுனீங்களா?"

கம்பிக்குள்ள கவர் நீண்டுச்சு. நான் எந்திரிச்சுப் போனேன். போற வழியிலதான் அதைப் பாத்தேன்.

மார்த்தா ரெண்டாவது தடவை ஊத்திட்டு, பாட்டில் வாயில வழிஞ்ச சொட்டை சட்டைக் கையாலயே துடைச்சாங்க. யோசிக்காம, பழக்கத்துல. க்ரீம் கலர் சட்டை. கையோட மடிப்புல ஏற்கனவே பழைய கறை, ஒண்ணு மேல ஒண்ணா. துவைச்சும் போகாதது. அந்தக் கறை சிவப்பே இல்ல.

நான் பாதி வழியில நின்னுட்டேன். இந்தம்மாவுக்கு வெயிட்டர் டி-ஷர்ட் எதுக்கு வைன் கலர்ல? அழகுக்கா? லோகோவுக்கு மேட்சா? இல்ல வேற எதுக்காச்சுமா? ரெண்டு டிப் ரிஜெக்ட் ஆயிருக்கு, கூரியர் போயிருக்கு, வந்திருக்கு, இத்தனை மெயில்ல நாங்க கேட்டதெல்லாம் எந்தக் கலர், எந்த லைட்டு, எவ்வளவு டார்க். எதுக்குன்னு ஒரு ஜீவன் கேக்கலை.

"சத்யா, கவரை வாங்கிக் குடுங்க" - சார்.

"வேண்டாங்க சார்."

"ஏனுங்க?"

"இதைக் காட்ட வேண்டாங்க. ஒரு நிமிசம் குடுங்க."

சார் முதல் தடவையா திரும்பி உள்ள பாத்தார். பாட்டில், கறி, விரதம் எதையும் கண்டுக்கலை. நேரா என்னையே பாத்தார். "சத்யா. அவங்க அடுத்த ஃபேக்டரிக்குக் கிளம்பப் போறாங்க. உள்ள குடு." கவனிச்சீங்களா? 'ங்க' இல்ல. அந்த ஃபேக்டரியில சார் யாருக்கும் 'ங்க' இல்லாம பேசி நான் கேட்டதே இல்ல. எலாஸ்டிக் இழுக்கற சத்தமே காதுல கேட்டுச்சு.

தெரிஞ்சே பண்ணேன். கவரை வாங்குனேன், ஆனா என் டிபன் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிட்டேன். ஏன்னா அந்த ஒரு டஜன் கலரை டேபிள் மேல பரப்பிட்டா அதுக்கப்புறம் மார்த்தா அதுல எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காதுன்னுதான் பேசுவாங்க. மறுபடியும் கேள்வியே வராது. தப்பான பதில் ஒரு டஜன் கையில இருந்தா சரியான கேள்வியைக் கேக்கவே தோணாது.

திரும்பி வந்து உக்காந்து கேட்டேன்: "மார்த்தா, வெயிட்டருங்களுக்கு இந்தக் கலர் எதுக்கு?"

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "நான் சொல்லலையா?"

"என் வைன் கலர் வேணும்னு மட்டும்தான் சொன்னீங்க."

"நீங்க கேக்கவும் இல்லையே." சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுனாங்க. "எங்க பசங்க ராத்திரி பூரா இதை ஊத்திட்டே இருப்பாங்க. வழியும், தெறிக்கும், கையைத் துடைப்பாங்க. கடை மூடறப்ப எல்லாரும் கறிக்கடைக்காரன் மாதிரி நிப்பாங்க. கறை பட்டாலும் தெரியாத டி-ஷர்ட் வேணும். அவ்வளவுதான்."

ஜெசிந்தா அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஏட்டி, அப்போ நாம க்ளாஸ்ல இருக்கதையா மேட்ச் பண்ணிட்டிருந்தோம்? துணியில காஞ்சதையில்லா பண்ணணும்!"

அக்கா கைப்பையில எப்பவும் வெள்ளைத் துணி வெட்டு இருக்கும், மூணு பீஸ் எடுத்தாங்க. சொட்டுச் சொட்டா வைன் விட்டோம். ஃபேனுக்கு அடியில புடிச்சு, கெஸ்ட் ஹவுஸ் இஸ்திரிப்பெட்டியை வச்சு ஒரு அழுத்து. ரெண்டு பீஸ் காஞ்சதும் என்ன கலர் தெரியுமா? நாவப்பழம் தின்ன நாக்கு கலர். சிவப்பு இல்லவே இல்ல. மூணாவது பீஸ் நீலமாயிடுச்சு! மார்த்தா பயந்துட்டாங்க. அக்கா அசரலை: "இந்தத் துணியில வெளுக்கப் போட்ட சோடாவைச் சரியா அலசலம்மா. புளிப்பு காட்டுனா திரும்பிரும்." தட்டுல இருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிஞ்சாங்க. நீலம் கண்ணு முன்னாடியே ரோஸாத் திரும்புச்சு. மார்த்தா மேஜிக் ஷோ பாக்கற குழந்தை மாதிரி இன்னொரு தடவை பண்ணச் சொன்னாங்க.

நான் டிபன் பைக்குள்ள கையை விட்டு, மடியிலயே வச்சு அந்த ஒரு டஜன் டிப்பைப் புரட்டிப் பாத்தேன். நாவப்பழ நாக்கு ஒண்ணுகூட இல்ல. ஒண்ணுகூட. ஜிப்பை இழுத்து மூடிட்டேன்.

"கலர் கிடைச்சாச்சு. நாளைக்குக் காலையில இங்கயே புது டிப் காட்டறோம். இதே வைனை அது மேல நீங்களே ஊத்திப் பாருங்க"ன்னேன். லேப்ல கேக்காமயே சொன்னது. எந்த தைரியத்துல சொன்னேன்னு இப்பவும் புரியலை. அந்த ரெண்டு வாய் வேலை பண்ணியிருக்கும்.

மார்த்தா பதில் சொல்ல வாயைத் திறக்கறப்ப, குழம்புக் கரண்டி வழுக்கி அந்த நாவப்பழ பீஸ் மேலயே டொப்புன்னு விழுந்துச்சு. மஞ்சக்கறை பளிச்சுன்னு. அவ்வளவு நேரம் பேசுன பேச்சுக்கு நடுவுல எலக்ட்ரிக் மஞ்சள். மார்த்தா அதையே பாத்துட்டு, "எங்க கிச்சன்லயும் இதே பிரச்சினைதான். குங்குமப்பூ போட்ட சோறு. சமையல் ஆளுங்க சட்டையெல்லாம் மஞ்சள்"னாங்க.

ஜன்னல் கம்பியில ரெண்டு கை வந்துச்சு. அதுக்கு நடுவுல எம்.டி. மூஞ்சி. "சத்யா, மார்த்தா அம்மாகிட்ட சொல்லுங்க. சமையல் ஆளுங்களுக்குத் தனியா மஸ்டர்ட் கலர்ல போட்டுடலாமுங்க. ஊத்தறவங்களுக்கு ஒரு கலர், ஆக்கறவங்களுக்கு ஒரு கலர்."

மக்களே, இதுதான் முதலாளி. நான் ஒரு ஆர்டரைக் காப்பாத்தப் போராடிட்டு இருக்கேன், இவர் இளநியை உறிஞ்சிட்டு ஜன்னல்ல இருந்தே ரெண்டாவது ஆர்டரை எடுக்கறார். நான் ட்ரான்ஸ்லேட் பண்ணதும் மார்த்தா எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போய், கம்பி வழியா கை குடுத்தாங்க. சார் கும்பிட்டார். மாலை போட்டிருக்காருல்ல.

அடுத்த நாள் காலையில புது டிப்போட நானும் அக்காவும் போனோம். மார்த்தா பாட்டில்ல மிச்சமிருந்ததைத் துணி மேல ஊத்தி, காய வச்சு, கறை எங்கன்னு தேடுனாங்க. ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டிப் பாத்தாங்க, போட்டுப் பாத்தாங்க. கிடைக்கலை. கையெழுத்து போட்டாங்க. அடுத்த ஃபேக்டரிக்கு அவங்க போனாங்களா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் கேக்கவும் இல்ல.

திரும்பி வந்தா சார் என் டேபிள் பக்கம் வந்து நின்னார். ஃபேனை நிமிந்து பாத்தார். "சத்யா, டொமஸ்டிக்ல ஆளு வேண்டாம்னுட்டாங்களாமுங்க." அவ்வளவுதான் சொன்னார். எங்கம்மா அந்த பேங்க் புக்கை என் சித்தி பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. அவ இப்ப பேங்க்ல இருக்கா, சந்தோசமா இருக்கா, எனக்கு லோன் வேணுமான்னு வாராவாரம் கேட்டு உயிரை வாங்கறா.

சாம்பிள் ரூம் பீரோ மேல்தட்டுல டி-ஷர்ட் போட்ட ஒரு பாட்டில் நிக்குதே, பாத்திருப்பீங்க. அதுதான் அந்த முதல் பாட்டில். உள்ள இருக்கறது இப்ப வைன் இல்ல. யாரும் மோந்து பாத்துடாதீங்க, அக்கா கத்துவாங்க. தூக்கிப் போடுங்கன்னு நான் பத்துத் தடவை சொல்லிட்டேன். சார் ஒத்துக்கவே மாட்டேங்கறார். "ஒரிஜினல் சாம்பிளுங்க, எப்படிங்க போடறது?"

சரி, மேட்டருக்கு வர்றேன். நான் ரிட்டயர் ஆயி சும்மா ஊட்டுல உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்களா? பையருங்களுக்காக வேலை பாக்கற பையிங் ஆபீஸ்ல சேந்துட்டேன். ஃபேக்டரிங்க அனுப்பற டிப்பைப் பாத்து ஓகே, ரிஜெக்ட்டுன்னு போடற சீட்டு. போன வாரம் உங்க ஃபேக்டரிக்கு ஒரு கலர் ஸ்டாண்டர்டு வந்துச்சுல்ல, ஒரு டப்பா மாதுளம்பழ ஜாம்? அனுப்புனது நான்தான்.

நீங்க போட்ட மூணு லேப் டிப்பும் இப்ப என் டேபிள் மேல இருக்கு. கூட வந்த மெயில்ல கேள்விக்குறி ஒண்ணுகூட இல்ல.